ஒன்றுமில்லாத கரடு



என் ஊர் பொட்டிப்புரம். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் அது. ஊரை ஒட்டி அம்பரப்பர் கரடு நிற்கிறது. கரடு என்றால் பாறையும் முள்ளுமாய் உள்ள சிறு மலை என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தையும் அறியும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையைக் கேரளப் பக்கத்துச் சரிவுகள் வாங்கிக்கொள்ளும். எங்களுக்குக் காற்று மட்டுமே மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே எங்கள் மானாவாரிக் காடுகளுக்கு உயிர். ஆகவே, எங்கள் கரடு ஆண்டின் பெரும்பகுதி பழுப்பு நிறமாகவே இருக்கும்.

இச்சிற்றூரின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நியூட்ரினோ எனப்படும் நுண்துகளை ஆராய்வதற்கு எங்கள் கரட்டின் அடியில் ஓர் ஆய்வகம் அமைப்பதென்னும் திட்டத்திற்கு 2015ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதனைத் தொடர்ந்து வாதங்களும் வழக்குகளும் எழுந்தன. அந்த வாதத்திற்குள் நான் இன்று புகப்போவதில்லை. அக்காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

ஒருநாள் வெளியூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். ஊரில் விசாரித்தபோது, தலைமையாசிரியரைக் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். கையில் குறிப்பேடும் எழுதுகோலும் வைத்திருந்தார். "சார், இந்த மலையில் என்னென்ன மரஞ்செடிகள் உள்ளன?" என்று பணிவுடன் கேட்டார்.

"என்ன இருக்கிறது, தம்பி! முள்ளும் புதரும்தான். சொல்லும்படியாக ஒன்றுமில்லை" என்றேன்.

அவர் அதனை எழுதிக்கொண்டு, நன்றி கூறிவிட்டுச் சென்றார். நானும் அதனை அப்போதே மறந்துவிட்டேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, 35 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அறிவியலும் தமிழும் கற்பித்தவன் நான். இலையின் பாகங்களைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் பள்ளிச் சன்னல் வழியே தெரிந்த கரட்டில் உள்ள செடிகளில் பத்துக்குக்கூட எனக்குப் பெயர் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாணி, இல்லை என்று சொல்லிவிட்டேன். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் உணர்ந்த இடத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன்.

பணி ஓய்வு பெற்றபின் ஓர் ஆனி மாதத்தில், விழுப்புரத்தில் வாழும் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஏழாம் வகுப்பில் பயிலும் என் பேத்தி, "தாத்தா, ஆரோவில்லில் ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. பள்ளியில் கூட்டிப்போனார்கள். நீங்களும் வந்து பாருங்கள்" என்று அழைத்தாள். தாவரத் தோட்டம் என்றதும் என் மனத்தில் எழுந்தது உதகமண்டலம்தான். புல்வெளி, வரிசை வரிசையாய் மலர்ப்பாத்தி, கண்ணாடி வீடு, எங்கெங்கிருந்தோ வந்த அயல்நாட்டு மரங்கள் என்று எண்ணிக்கொண்டு புறப்பட்டேன்.

அவ்வாறு நான் எண்ணியதில் வியப்பில்லை. தாவரத் தோட்டங்களின் வரலாறு அத்தகையது. இத்தாலி நாட்டுப் பதுவா நகரில் 1545ஆம் ஆண்டில் மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை அறிந்துகொள்வதற்காக ஒரு தோட்டம் அமைத்தார்கள். உலகின் பழமையான தாவரத் தோட்டங்களுள் ஒன்றாகிய அஃது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. பின்னர் ஐரோப்பியர் கடல் கடந்து நாடு பிடித்தபோது, தாவரத் தோட்டத்திற்கு வேறொரு வேலை வந்தது. ஒரு நாட்டுச் செடியை மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசென்று வளர்த்துப் பொருளீட்ட உதவும் நாற்றங்காலாக அது மாறிற்று. கல்கத்தாவில் ராபர்ட் கைடு என்பார் 1787ஆம் ஆண்டில் தொடங்கிய தோட்டத்தின் நோக்கங்களுள் இதுவும் ஒன்று. 1848ஆம் ஆண்டில் உதகையில் தோட்டம் அமைக்கப்பட்டது. அதனை உருவாக்கிய மெக்கைவர் என்பாரே, தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனா மரத்தை நீலகிரியில் பயிராக்குவதிலும் முன்னின்றார். மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா அதன் பட்டையிலிருந்து கிடைப்பது. இவ்வகையில் நன்மைகளும் விளைந்தன. ஆனால், அழகுக்காகக் கல்கத்தாத் தோட்டத்திற்கு வந்த உண்ணிச்செடி இன்று இந்தியக் காடுகள் பலவற்றைச் சூழ்ந்து நெருக்குகிறது. தோட்டத்து வேலி செடியை நிறுத்தவில்லை. பழத்தைத் தின்ற பறவை விதையைக் கொண்டுபோயிற்று.

நான் கண்ட தோட்டமோ இதற்கு எதிரான எண்ணத்தில் பிறந்தது. புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில், செம்மண் மேட்டு நிலத்தில் உள்ளது ஆரோவில். 1968ஆம் ஆண்டில் அந்நகர் தொடங்கப்பெற்றபோது, அங்கே நிழலுக்கு ஒதுங்கவும் மரங்கள் அரிதாயிருந்தன. மழை பெய்தால் செந்நீர் ஓடைகளை அறுத்துக்கொண்டு கடலுக்கு விரையும். குடியேறியவர்கள் முதலில் செய்த வேலை வரப்பு எழுப்பியதுதான். வரப்பு நீரைத் தடுத்தது. நீர் மண்ணில் இறங்கிற்று. அதன்பின்னரே மரம் நிலைத்தது. ஆரோவில் தாவரத் தோட்டம் 2000ஆம் ஆண்டில், 50 ஏக்கர் வெற்று நிலத்தில் தொடங்கப்பட்டது. அயல்நாட்டுக் கள்ளி வகைகளுக்குத் தனிப்பகுதி ஒன்றும், குழந்தைகள் ஓடி விளையாடச் செடிவேலியால் அமைந்த சுற்றுவழிப் பாதையும் அங்கே உள்ளன. எனினும், அதன் உயிர் அவற்றில் இல்லை. தோட்டத்தின் பெரும்பகுதி அந்தப் பக்கத்து மண்ணுக்கே உரிய மரங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அம்மரங்கள் யாவை? சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் ஒருவகைக் காடு இருந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்று அதனைக் குறிப்பிடுவர். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968ஆம் ஆண்டில் சாம்பியன், சேத் என்னும் இருவர் வெளியிட்ட நூலில் இது தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இதற்கு உறவான காடுகள் உண்டு. இதன் புதுமையைப் பாருங்கள். ஆண்டில் பல மாதங்கள் மழையே இல்லாத இடத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிடுவதே வழக்கம். ஆனால், இக்காட்டு மரங்கள் பலவும் உதிர்ப்பதில்லை. அவற்றின் இலைகள் சிறியவை. தோல்போல் தடித்து, மேலே மெழுகு பூசினாற்போல் பளபளப்பவை. அதனால் நீர் எளிதில் ஆவியாகிப் போவதில்லை. வளம் குறைந்த மண்ணில் ஆண்டுதோறும் புதிதாக இலை முழுவதும் உண்டாக்குவது பெருஞ்செலவு. ஆகவே, உள்ள இலையைக் காத்து வாழும் சிக்கனக் குடும்பம் அது. மரங்கள் மிக உயர்வதில்லை; ஆனால் தலையோடு தலை நெருங்கிக் கூரை வேய்ந்தாற்போல் நிற்கும். அந்த நிழலில் மண்ணின் ஈரம் நெடுநாள் நிற்கும்.

ஆனி மாதத்து வெயிலில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நுழைந்தேன். வெளியே செம்மண் கொதித்தது. உள்ளே காலடி மண் குளிர்ந்திருந்தது. கருங்காலி மரத்தை வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் கண்டேன். அதன் உலக்கையால் என் பாட்டி நெல் குற்றியதைக் கண்டிருக்கிறேன். இன்று கருங்காலி மணிமாலை அணிவோர் பலர். மரத்தைக் கண்டவர் சிலர். மரம் முழுவதும் கறுப்பு என்று எண்ணியிருந்தேன். கறுப்பு உள்ளே இருக்கும் வைரத்திற்கு மட்டுமே உரியது என்றும், அவ்வைரம் ஏறுவதற்கு மிக நீண்ட காலம் ஆகுமென்றும் அறிந்தேன். அருகே வீரை நின்றது. உலக்கைப்பாலை நின்றது. அதன் சிறிய மஞ்சட்பழத்தை ஈழத்து வன்னிப் பகுதி மக்கள் பருவந்தோறும் விரும்பி உண்பர்.

ஒரு செடியின் முன் என் பேத்தி நின்று, பெயர்ப்பலகையைப் படித்தாள். "காயா" என்றாள். நான் திகைத்தேன். காயாம்பூ வண்ணன் என்னும் தொடருக்கு, காயாம்பூப் போன்ற நீல நிறம் உடையவன் என்று எத்தனையோ முறை பொருள் சொல்லியிருக்கிறேன். தேர்விலும் கேட்டிருக்கிறேன். சரியாக எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணும் வழங்கியிருக்கிறேன். அந்தக் காயாவை அன்றுவரை நான் கண்டதில்லை! குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்திற்கே செடி கொடி மரங்களின் பெயரைச் சூட்டியவர்கள் நம் முன்னோர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அப்பெயர்களை மனப்பாடம் செய்தோம், பூக்களை மறந்தோம்.

அடுத்து நாற்றங்காலுக்குச் சென்றோம். அங்கே ஒரு பெண்மணி நாவற்பழங்களைக் கசக்கிக் கொட்டைகளை அலசி, ஈரம் காயுமுன் பைகளில் ஊன்றிக்கொண்டிருந்தார். "ஏன் அம்மா இத்தனை விரைவு? மழைக்காலம் வரை எடுத்து வைக்கலாகாதா?" என்று கேட்டேன்.

"நாவல் விதை காய்ந்தால் செத்துப்போகும் ஐயா. கொன்றை விதையை டப்பாவில் போட்டு வைக்கலாம். அதன் தோல் கெட்டி. வெந்நீரில் ஊறவைத்துத்தான் போடவேண்டும். நாவல் அப்படியில்லை. இன்றைய பழத்தை இன்றே போட்டால்தான் நல்லது" என்றார் அவர்.

மாணவர்களே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏன் என்று கூறுகிறேன்.

1998ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியில் மரநடு விழா நடத்த எண்ணினேன். ஆனியில் பிள்ளைகள் தின்ற நாவற்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து, வெயிலில் நன்கு உலர்த்தி, தகர டப்பாவில் அடைத்து வைத்தேன். ஐப்பசியில் எடுத்து 60 பைகளில் ஊன்றினோம். நாள்தோறும் நீர் ஊற்றும் பொறுப்பை ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். ஒரு மாதம் சென்றது. ஒரு பையிலும் முளை எழவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளின் முன்னும் அவனை நிறுத்தி, "ஒப்படைத்த வேலையைச் செய்யாத சோம்பேறி" என்று கடிந்துகொண்டேன். "தினமும் அடிகுழாயில் பிடித்து ஊற்றினேன், சார்" என்றான் அவன். நான் நம்பவில்லை. ஈரமான பைகளைக் கண்ணால் கண்டும் நம்பவில்லை. விதையைக் கொன்றவன் நான். தண்டனை பெற்றவன் அவன்.

நாற்றங்காலில் நின்றபடியே இதனை எண்ணி வருந்தினேன். இத்தகைய விதைகளைக் களஞ்சியத்தில் பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ள இயலாது. ஆகவே, தாய்மரம் உயிரோடு எங்கேனும் நின்றாக வேண்டும். அத்தாய்மரங்கள் எங்கே நின்றன? பெரும்பாலும் கோயிற்காடுகளில்தான். அங்கிருந்து தொலைவில் இல்லாத கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து அத்தகைய காடு ஒன்று இன்றும் உள்ளது. சாமியின் காட்டில் கிளை ஒடிக்கலாகாது என்னும் அச்சம் பல தலைமுறைகளாக மரங்களைக் காத்தது. விறகுக்கும் விளைநிலத்துக்குமாக மற்ற இடங்கள் அழிந்தபோது, கோயிற்காடுகளே விதைக்கு இருப்பிடமாயின. மதுரைக்குக் கடம்பு, தில்லைக்குத் தில்லை, திருவானைக்காவுக்கு நாவல் என்று தலமரம் வைத்ததிலும் இவ்வகையான காப்பு அமைந்திருக்கிறது. நம்பிக்கை காத்ததை இனி அறிவும் சேர்ந்து காக்கவேண்டும். அந்தத் தோட்டம் அதனைச் செய்கிறது.

திரும்பும் வழியில்தான் என் தலை முற்றும் குனிந்தது. ஓரிடத்தில் ஒரு பலகையில் 'உசிலை' என்று கண்டேன். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த மரம். அதன் இலைப் பொடியை அரப்பு என்று தேய்த்துத்தானே நான் சிறுவயதில் தலை முழுகினேன்! அப்பால் வெட்பாலை, மஞ்சணத்தி, விராலி, சூரை, ஆவாரை என்று வரிசையாகக் கண்டேன். இவையெல்லாம் எங்கள் கரட்டில் நிற்பவை. 'முள்ளும் புதரும்' என்று நான் ஒதுக்கியவற்றை இவர்கள் விதை தேடி வளர்த்து, பெயர் எழுதிப் போற்றுகிறார்கள். "தாத்தா, இது உங்கள் ஊரில் உண்டா?" என்று பேத்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள். "உண்டு, அம்மா, உண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். திண்ணைக்கு வந்த அக்கல்லூரி மாணவருக்குச் சொல்ல வேண்டிய விடையை ஆண்டுகள் கழித்து ஒரு சிறுமிக்குச் சொன்னேன்.

ஆர்வ மிகுதியால், எங்கள் ஊரில் நடுவதற்குச் சில கன்றுகள் வேண்டுமென்று கேட்டேன். அங்கிருந்த தோட்டக்காரர் சிரித்தார். "ஐயா, இது கடலோரக் காடு. உங்கள் மலை வேறு, மழை வேறு. உங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே கிடைக்கும் விதையை அந்த மண்ணிலேயே போடுங்கள்" என்றார். வெறுங்கையோடு திரும்பினேன். எனினும் அதைவிடப் பெரிய பரிசு எனக்கு வேறு கிடைத்திருக்காது.

இங்கே ஒரு சொல். அயல்நாட்டுச் செடிகளெல்லாம் பகை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கம்பம் பன்னீர்த் திராட்சையும் வெளியிலிருந்து வந்த குடிதான். விருந்தாக வந்து உறவாகிவிட்டவை இவை. ஆனால் சீமைக்கருவேல் அத்தகையது அன்று. விறகுக்கும் வேலிக்கும் என்று வரவேற்கப்பட்டு, கண்மாயிலும் புறம்போக்கிலும் பரவி, மற்றவை எழ இடமின்றி நெருக்கிவிட்டது. வந்தது எது, இருந்தது எது, வந்ததால் போனது எது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். அதற்கு இருந்தவற்றின் பெயரேனும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஊர் திரும்பியதும் ஒரு குறிப்பேடு வாங்கினேன். ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரை அணுகி, "அண்ணே, எனக்குக் கரட்டைக் காட்ட வேண்டும்" என்றேன். "வாத்தியாருக்கு நான் என்ன சொல்லித் தர?" என்று நாணினார். பின்பு மூன்று பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு விடியலில் ஏறினோம். கிளுவை, காரை, இண்டு, பிரண்டை, சதுரக்கள்ளி என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் நாளில் மட்டும் 31 பெயர்கள்! "ஆவாரையையும் விராலியையும் வெள்ளாடு கடிக்காது, அதனால்தான் அவை இவ்வளவு நிற்கின்றன. ஆட்டுக்குப் பிடித்தவையெல்லாம் பாறை இடுக்கில்தான் தப்பியிருக்கின்றன" என்றார். எந்தச் செடி மிகுந்திருக்கிறது என்பதைக் கொண்டே எந்தச் செடிகள் அழிந்தன என்று அறியும் அறிவு அது. பள்ளி வாயிலை மிதியாத அப்பெரியவரிடம் நான் மாணவனாக நின்றேன்.

இன்னொரு கடனும் இருந்தது. அந்த ஏழாம் வகுப்பு மாணவர் இப்போது ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறார். அவரை வழியில் நிறுத்தி, நாற்றங்காலில் கேட்டதைச் சொல்லி, "தவறு என்னுடையது, தம்பி" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "நான் ஊற்றினேன் என்று அன்றே சொன்னேனே, சார்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. குரலில் சிரிப்பு இல்லை. இத்தனை ஆண்டுகளாக அவர் அதனை மறக்கவில்லை என்பதை அறிந்தேன். அடுத்த ஆனியில் ஒருநாள், ஜீப்பை என் வீட்டு வாசலில் நிறுத்தி, ஒரு பை நிறைய நாவற்பழத்தை என் கையில் கொடுத்தார். "இன்றைக்கே போட்டுவிடுங்கள், சார்" என்றார். அன்றே ஊன்றினோம். மூன்றாம் வாரத்தில் முளை கண்டது. ஆடு தின்றது போக எஞ்சிய கன்றுகள் பள்ளி வேலியோரம் நிற்கின்றன.

மாணவ மாணவியரே, உங்கள் ஊரிலும் ஒரு கரடோ, கண்மாய்க்கரையோ, கோயில் நந்தவனமோ இருக்கும். அங்கே உள்ள பத்துச் செடிகளின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். எது எப்போது பூக்கிறது, எதன் விதை எப்போது முற்றுகிறது என்று ஓராண்டு குறித்து வாருங்கள். பெயர் தெரியாவிடின், தெரியாது என்று எழுதுங்கள், பிழையில்லை. யாரேனும் வந்து கேட்டால், என்னைப்போல் 'ஒன்றுமில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.